கதவோரத்து ஒட்டுத்தாள்: குளிர்கால டயரும் ரிம்மும் தேர்வது குறித்து

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் பூட்டாத காரைச் சாலையில் எடுத்தால் அபராதம். 2008இல் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடக்க நாள் டிசம்பர் 15 ஆக இருந்தது. 2019இல் அதை இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகள் பெரும்பாலானவற்றில் அக்டோபர் 1 முதலே கட்டாயம் தொடங்கிவிடுகிறது. கனடாத் தமிழர்களில் பெரும்பகுதியினர் வாழும் ஒன்டாரியோவில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 2016 ஜனவரி 1 முதல், குளிர்கால டயர் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று நிறுவனங்களுக்குத்தான் மாகாணம் கட்டளையிட்டிருக்கிறது. முடிவு குடும்பத்தின் கையில் விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அதே கேள்விகள் திரும்ப வருகின்றன. வாங்கத்தான் வேண்டுமா? எந்த நிறுவனத்துடையது நல்லது? ரிம்மோடு வாங்குவதா, டயரை மட்டும் மாற்றுவதா?

இந்தக் கேள்விகளில் நடுவில் உள்ள ஒன்றுக்கே எல்லாரும் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்பது என் குறை. பெயர்பெற்ற நிறுவனங்களின் உயர்ந்த ரக டயர்களுக்கு இடையே வேறுபாடு உண்டு. ஆனால் பொருத்தமான அளவில், நான்கு சக்கரத்துக்கும் ஒரேமாதிரியாக, சரியான ரிம்மில் பூட்டிய நடுத்தர டயர், தவறாகப் பொருத்திய முதல்தர டயரைவிடப் பாதுகாப்பானது. தேர்வு தொடங்க வேண்டிய இடம் கடையின் விலைப்பட்டியல் அன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஒட்டுத்தாளே அந்த இடம். வண்டிக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவரை எந்தக் கடைக்காரரும் எளிதில் வேறு பக்கம் இழுக்க முடியாது.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்பதைப் பார்ப்போம். குளிர்கால டயரை ‘ஸ்னோ டயர்’ என்று சொல்லிப் பழகியதால், பனி கொட்டும் நாளுக்கு மட்டுமே அது தேவை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ரப்பருக்கு முதல் எதிரி குளிர்தான். வெப்பம் குறையக் குறைய ரப்பர் இறுகுகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படியாது. படியாத ரப்பர் பிடிக்காது. கோடைக் கலவை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே தன் பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது என்பது டயர்த் தொழிலில் பொதுவாக ஏற்கப்படும் எல்லை. ஆல் சீசன் டயர் அதைவிடச் சற்றுத் தாங்கினாலும் கடுங்குளிரில் அதுவும் விறைத்துப்போகும். குளிர்கால டயரின் கலவை கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. மேற்பரப்பில் மெல்லிய கத்திக்கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சக்கரம் உருளும்போது அவை திறந்து பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பின்லாந்தின் நோக்கியன் 1936இல் கொண்டுவந்த ஹக்கபெலீட்டா முதல், ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் வெளியிட்ட பிளிசாக் வரை, இந்தத் துறையின் வரலாறு பெரும்பாலும் ரப்பரைக் குளிரில் உயிர்ப்போடு வைத்திருக்கும் முயற்சியின் வரலாறுதான். பிளிசாக்கின் ரப்பரில் நுண்குமிழிகள் இருக்கின்றன. உறைபனியின் மேல் படர்ந்து வழுக்க வைக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை அவை உள்வாங்கிக்கொள்ளும். ஆணி பதித்த டயர்கள் சாலையை அரைத்துத் தூசு கிளப்பியதால் 1990இல் ஜப்பான் அவற்றைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அதன்பின் ஆணியில்லா டயரின் ஆராய்ச்சி அங்கே வேகம் பிடித்தது. இன்று நாம் வாங்கும் டயருக்குள் அந்த உழைப்பு இருக்கிறது.

‘எனக்கு இருபது ஆண்டு அனுபவம், மெதுவாகத்தான் ஓட்டுவேன்’ என்பவருக்கு ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உராய்வுக் கெழு 0.3 உள்ள பனிச்சாலையில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 33 மீட்டரில் நிற்கும். அதே சாலையில் டயரின் பிடி 0.2 ஆகக் குறைந்தால் 49 மீட்டர் வேண்டும். இந்த 16 மீட்டரைத் தூரமாக மட்டும் பார்த்தால் அதன் கொடுமை விளங்காது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அது இன்னும் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பாதசாரிக் கடவையில் ஒரு குழந்தை நின்றால், ஒரு கார் அவளுக்கு முன்னே நிற்கும். மற்றது அந்த வேகத்தில் மோதும். எண்களைச் சற்று மாற்றிப் போட்டாலும் கணக்கின் இயல்பு மாறாது. அனுபவம் முன்கூட்டியே பிரேக்கை அழுத்தச் சொல்லித்தரும். அழுத்திய பிறகு நடப்பதை உள்ளங்கை அளவு ரப்பர் நான்கும்தான் தீர்மானிக்கின்றன.

ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே என்ற மறுப்பு அடுத்தது. விலை உயர்ந்த எஸ்யூவி வைத்திருப்போரிடம் இது மிக வலுவாக நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கும் விசை போவதால் வண்டி தயங்காமல் கிளம்பும், ஏற்றம் ஏறும். ஆனால் நிற்பதற்கு எல்லாக் கார்களும் நான்கு சக்கர பிரேக்கையே நம்பியிருக்கின்றன. அதில் ஆல் வீல் டிரைவுக்கு எந்த அனுகூலமும் இல்லை. எளிதாகக் கிளம்புவதாலேயே சாலை வழுக்குவது ஓட்டுநருக்கு உறைக்காமல் போகிறது என்பது கூடுதல் ஆபத்து. 2011 செப்டம்பர் முதல் கனடாவில் விற்பனைக்கெனத் தயாராகும் புதிய கார்களில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு கட்டாயம். அது அரிய கண்டுபிடிப்பு. பல உயிர்களைக் காத்திருக்கிறது. எனினும் இருக்கும் பிடிமானத்தைச் சக்கரங்களுக்கிடையே பங்கிடத்தான் அதனால் முடியும். இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

கியூபெக்கின் அனுபவமும் இங்கே சான்றாகிறது. சட்டம் வந்த பிறகான முதல் இரு குளிர்காலங்களை ஆராய்ந்த மாகாணப் போக்குவரத்து அமைச்சு, குளிர்கால விபத்துகளில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. ‘வெறும் 5 தானா?’ என்று கேட்கலாம். சட்டத்துக்கு முன்பே அந்த மாகாணத்தில் மிகப் பெரும்பாலோர் தாமாகவே குளிர்கால டயருக்கு மாறிவந்தார்கள். எஞ்சியிருந்த சிறு பகுதியினர் மாறியதால் மட்டுமே மாகாணம் முழுவதற்குமான எண்ணிக்கை இவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் அந்த 5இன் எடை புரியும்.

வாங்குவதென்று முடிவானபின் பார்க்க வேண்டிய குறி, மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள். 1999இல் அமெரிக்க, கனடிய ரப்பர்த் தொழில் சங்கங்கள் கொண்டுவந்த அடையாளம் இது. ‘எம் பிளஸ் எஸ்’ என்ற பழைய எழுத்துகள் பள்ளங்களின் வடிவத்தை மட்டும் சுட்டுபவை. எந்தத் தேர்வையும் கடந்ததாகப் பொருளில்லை. ஜெர்மனியும் 2024 அக்டோபர் முதல் அந்த எழுத்துகளைக் குளிர்காலத்துக்குப் போதுமானதாக ஏற்பதை நிறுத்திவிட்டது. மலைக்குறிக்கும் ஓர் எல்லை உண்டு. இறுகிய பனியில் முன்னோக்கி இழுக்கும் திறனையே அந்தத் தேர்வு அளக்கிறது. உறைபனியில் பிரேக் பிடிப்பதையோ வளைவில் திரும்புவதையோ அது சோதிப்பதில்லை. ஆகவே மலைக்குறியுள்ள எல்லா டயரும் சமம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆல் வெதர் என்று விற்கப்படும், ஆண்டு முழுதும் பூட்டியே வைக்கக்கூடிய டயர்களிலும் இக்குறி உண்டு. டொரொண்டோ நகருக்குள் மட்டும் ஓடுபவருக்கு, டயர்களை வைக்க இடமில்லாத அடுக்ககவாசிக்கு, அவை நேர்மையான தீர்வு. ஆல் சீசனைவிட நிச்சயம் மேல். பேரி, சட்பரி என்று வடக்கே போய்வருபவர், அதிகாலை வேலைக்காக உப்புத் தூவாத தெருவில் வண்டியை எடுப்பவர் ஆகியோருக்கு என் பரிந்துரை தனிக் குளிர்கால டயர்தான். எல்லாப் பருவத்துக்கும் ஒரே கலவை என்றால் ஜூலை வெயிலுக்கும் அது ஈடுகொடுக்க வேண்டும். அதற்கான விலையை ஜனவரியில்தான் கொடுக்கிறோம்.

இனி அளவு. ஹோண்டா சிவிக்கை எடுத்துக்கொள்வோம். கனடாவில் பல ஆண்டுகள் மிக அதிகமாக விற்ற கார் அது. அண்மைத் தலைமுறைகளில் ரகத்துக்கு ஏற்ப ஆலையிலிருந்தே மூன்று அளவு டயர்கள் வந்திருக்கின்றன: 215/55ஆர்16, 215/50ஆர்17, 235/40ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றின் மொத்த விட்டமும் முறையே 643, 647, 645 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை. மொத்த விட்டம் மாறாதிருந்தால்தான் வேகமானி சரியாகக் காட்டும், ஏபிஎஸ் தன் கணக்கைச் சரியாகப் போடும். ரிம் சிறியதாகும்போது அந்த இடத்தை ரப்பர் நிரப்புகிறது. 18 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 94 மில்லிமீட்டர். 16 அங்குலத்தில் 118. இந்த 24 மில்லிமீட்டர்தான், பனி உருகும் மார்ச்சில் நெடுஞ்சாலைக் குழிகளில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது. டயரும் 20 மில்லிமீட்டர் ஒடுங்குகிறது. ஒடுங்கிய டயர் தளர்ந்த பனியையும் சேற்றுப்பனியையும் கிழித்துக்கொண்டு அடித்தளத்தை எட்டும்; அகன்றது அவற்றின் மேல் மிதக்கப் பார்க்கும். சிறிய அளவின் விலையும் பொதுவாகக் குறைவு. 18 அங்குல ரிம்மோடு வந்த காருக்கும் குளிர்காலத்துக்கு, தயாரிப்பாளர் அனுமதிக்கும் மிகச்சிறிய ரிம்மைத் தேர்ந்து, மிச்சமாகும் பணத்தை ரப்பரில் போடுங்கள் என்பதே நான் சொல்ல வந்ததன் சாரம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நியாயம் இல்லாமலில்லை. உயர்ந்த பக்கச்சுவர் வளைவில் நெளியும். காய்ந்த நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் சற்றே மந்தமாகத் தோன்றும். வழவழப்பான உறைபனியில் ஒடுங்கிய டயருக்குப் பெரிய அனுகூலம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் குளிர்காலத்தில் யாரும் வளைவை வேகத்தால் சோதிக்கப் போவதில்லை. அளவைக் குறைப்பதற்குக் கீழெல்லை ஒன்றும் உண்டு. பெரிய பிரேக் கேலிப்பர் உள்ள விளையாட்டு ரகங்களில் சிறிய ரிம் உட்காராது. ‘அதே மாடல்தானே’ என்று நம்பி வாங்கியவர் பூட்டும்போதுதான் அதை உணர்வார். சுமைக் குறியீட்டில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 102 என்றால் 850 கிலோ. ஒட்டுத்தாளில் உள்ள எண்ணுக்குக் கீழே போகும் டயர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பாட்டரியின் எடையைச் சுமக்கும் மின்கார்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. வேகக் குறியீட்டில் மட்டும் சற்று இறங்கலாம்: டி எழுத்துள்ள டயரே மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும்.

ரிம் விஷயத்தில் தவறுகள் அதிகம் நடக்கின்றன; காரணம், பொருந்தாத ரிம்மும் பல வேளை பொருந்தியதுபோலவே உட்காரும். டொயோட்டா கேம்ரிக்கும் ஹோண்டா சிவிக்குக்கும் ஐந்து துளைகள். துளைகளின் வட்டமும் ஒன்றே, 114.3 மில்லிமீட்டர். நட்டின் மரைகூடப் பல மாடல்களில் ஒன்றுதான். ஆனால் நடுத்துளை டொயோட்டாவுக்கு 60.1, ஹோண்டாவுக்கு 64.1 மில்லிமீட்டர். கேம்ரியின் ரிம் சிவிக்கின் ஹப்பில் நுழையாது; அது நல்லதாயிற்று, தவறு அப்போதே தெரிந்துவிடும். சிவிக்கின் ரிம்மோ கேம்ரியில் எளிதாக ஏறிவிடும், நான்கு மில்லிமீட்டர் தளர்ச்சியோடு. மையம் விலகிய சக்கரம் நெடுஞ்சாலை வேகத்தில் அதிரும். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே சரியான அளவு வளையம் செருகாமல் அதைச் சீராக்க முடியாது. நட்டின் அடிப்பகுதி இன்னும் நுட்பமானது. ஹோண்டாவின் ஆலை ரிம்களில் நட்டு உட்காரும் இடம் உருண்டையானது. வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டுக்காகச் செய்யப்பட்டவை. மரை ஒன்றாக இருப்பதால் பழைய நட்டு புதிய ரிம்மில் இறுகியதுபோலவே தோன்றும். உண்மையில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டு, நாளடைவில் தளரும். சக்கரம் கழன்று போவது இப்படித்தான். புதிய ரிம்முக்கு அதற்குரிய நட்டுகளைக் கேட்டு வாங்குவது சிறிய செலவு. கொரோலாவிலிருந்து கேம்ரிக்கு மாறியவர் பழைய ரிம்களை எடுத்துச்செல்லலாம் என்று எண்ணுவதும் உண்டு. பல ஆண்டுகள் விற்ற கொரோலாக்களின் துளைவட்டம் 100 மில்லிமீட்டர், அது பொருந்தவே பொருந்தாது. ரிம் உள்ளே, வெளியே எவ்வளவு நிற்கிறது என்பதைக் குறிக்கும் ஆஃப்செட் எண்ணும் ஆலையின் அளவை ஒட்டியே இருக்க வேண்டும். விலகினால் டயர் சக்கரக்கூட்டில் உரசும், பேரிங் விரைவில் தேயும்.

தனி ரிம் தேவையா, ஒரே ரிம்மில் டயரை மட்டும் மாற்றினால் போதாதா? முதல் ஆண்டில் அது மலிவு. ஆனால் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி, ரிம்மோடு சக்கரத்தை மாற்றும் கூலியைவிட அதிகம். சில ஆண்டுகளில் அந்த வேறுபாடே ரிம்களின் விலையில் பெரும்பகுதியை ஈடுசெய்யும். ஒவ்வொரு முறை நெம்பும்போதும் டயரின் விளிம்பும் பாதிக்கப்படுகிறது. முதல் பனி விழுந்த வாரத்தில் கராஜ்களில் காத்திருக்கும் நெரிசலைத் தவிர்த்து, வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்ளவும் தனி ரிம் உதவும். அது எஃகா, அலாயா என்பதில் நான் எஃகின் பக்கம். ஒன்டாரியோவின் சாலை உப்பு அலாயின் மெருகைத் தின்றுவிடும். எஃகு துருப்பிடித்தாலும் மலிவு, குழியில் விழுந்தால் விரிசல் விடுவதைக் காட்டிலும் வளைவதே அதிகம், வளைந்ததைப் பல வேளை நிமிர்த்தலாம். அழகுக்காக அலாய் எடுப்பதில் பிழையில்லை, டயரின் தரத்தைக் குறைத்து அந்தப் பணத்தை ஈடுகட்டாதவரை. காற்றழுத்தச் சென்சார் ரிம்மில் பொருத்தப்பட்ட வண்டியானால் இரண்டாவது தொகுதிக்கும் சென்சார் வாங்குவது நல்லது. சென்சார் இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை மனிதர் பார்ப்பதை விட்டுவிடுவர். குளிரில் அதற்கு உண்மையான வேலை உண்டு. 20 டிகிரியில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், மைனஸ் 20இல் ஏறத்தாழ 26 அல்லது 27க்கு இறங்கிவிடும். எங்கும் கசியவில்லை, காற்று சுருங்கியதுதான். மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், அளந்து நிரப்ப வேண்டும்.

செலவைக் குறைக்க இரண்டே இரண்டு டயர் வாங்கி, விசை போகும் முன்சக்கரங்களுக்குப் பூட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது எனக்குக் கோபத்தை வரவழைக்கும் சிக்கனம். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் பிடியின்றி நழுவ, வளைவில் பிரேக் தொட்டதும் வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். டயரே மாற்றாத காராவது எங்கும் ஒரேமாதிரி வழுக்கும். ஓட்டுநருக்கு அது முன்கூட்டியே தெரியும். நான்கும் ஒரே தயாரிப்பாக, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் சுற்றளவு வேறுபட்டால் விசையைப் பகிரும் பாகங்களும் வீணாகத் தேயும்.

கடைசியாக, பழைய டயர். புதிதாகக் கனடாவுக்கு வருபவர்கள் தங்கள் முதல் காருக்கு, பிறர் பயன்படுத்திய டயரைத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். புதியதற்குப் பணம் இல்லாதபோது அதைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் துணையாகச் செல்லும் உறவினரும் நண்பரும் இரண்டு விஷயங்களைப் பார்த்துக் கொடுத்தால் போதும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். வயதான ரப்பர், பள்ளம் ஆழமாக இருந்தாலும், குளிரில் விறைத்திருக்கும். சில தயாரிப்புகளில் சிறப்புக் கலவை மேல் பாதியில் மட்டுமே இருப்பதால், பாதி தேய்ந்ததும் அது வேறொரு டயராகிவிடுகிறது. மேற்பரப்பின் ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிய டயரைப் பனிச்சாலையில் பயன்படுத்த வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை, 1.5 மில்லிமீட்டர் வரை சட்டம் அனுமதிக்கிறதே என்று விற்பவர் சொல்வதை ஏற்காதீர்கள். அக்டோபர் நடுவிலேயே, கடைகளில் அளவுகள் தீர்ந்துபோகுமுன், கதவைத் திறந்து ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பூட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நட்டுகளை டார்க் குறடால், கையேட்டில் உள்ள அளவுக்கு, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கராஜ்கள் அதற்குப் பணம் வாங்குவதில்லை.